கிரைண்டரை நிறுத்துங்க

பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி சுற்றியது. பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. சின்னவள் அணைத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். மறுபடி விசிறி, மறுபடி விளக்கு, மறுபடி அதே கறுப்பு. அதில் அவள் முகம்தான் தெரிந்தது, அதுவும் பார்க்கிற மாதிரி இல்லை.

“எந்திரி சனியனே,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “இன்னைக்குத்தானா உனக்கு நேரம் கிடைச்சுது?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பட்டறை காலையிலேயே சூடு பிடித்திருந்தது. கிரைண்டர்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு அலறின. இரும்புக் கதவும் கிராதியும் செய்கிற அண்ணன் தம்பி பட்டறை அது. அண்ணன்தான் பெரியவர். பட்டறை அவர் பேரில், பேச்சும் அவர் பேரில். தம்பி அவள் புருஷன். தம்பி பெண்டாட்டி என்பதால் வீட்டிலும் பட்டறையிலும் அவளுக்குச் சின்னவள் என்றே ஆகிவிட்டது.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளும் கிரைண்டர் பிடித்தவள்தான். பற்றவைத்த இடத்தை வழவழவென்று தேய்த்துக் கொடுக்கிற வேலை. நாளெல்லாம் அதிர்கிற மெஷினைப் பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் வெளுத்து மரத்துப் போயின. காலையில் டம்ளரைத் தூக்கினால் நழுவிவிடும். தலை வாரினால் சீப்பு கையில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று விரலுக்குத் தெரியாது. பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட முடியாமல் ஒருநாள் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மெஷினை விட்டாத்தான் விரல் பிழைக்கும்” என்றார். எங்கே விடுவது? சும்மா உட்கார்ந்து சாப்பிட அந்த வீட்டில் யாருக்கும் இடம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர் யார் பேச்சையோ கேட்டுப் பிளாஸ்மா மேசையை வாங்கிப் போட்டார். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், மேசைமேல் நெருப்பு முனை அதே கோட்டில் ஓடி இரும்புத் தகட்டை வெட்டும். படம் வரைய வெளியாள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று அவர் முனகியபோது, “நான் கத்துக்கிறேன் மாமா” என்றாள். பட்டறையே சிரித்தது. கற்றுக்கொண்டாள். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் கற்றுக்கொண்டாள். இப்போது கதவுக்கு அவள் வரைகிற இலைக்கொடிக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். விரல்களில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நேற்றுக்கூடப் பிள்ளையின் பொத்தானை ஒரே முயற்சியில் போட்டுவிட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலி போனால் கை போகும். அவ்வளவுதான் கணக்கு.

கதவைத் தள்ளிக்கொண்டு பெரியவர் வந்தார். பின்னாலேயே அவள் புருஷன், கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே.

“என்ன, இன்னும் ஓடலையா?”

“திரை வரலை மாமா. நேத்து நான் வீட்டுக்குப் போகும்போது நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.”

“நல்லா ஓடுனது விடியறதுக்குள்ள எப்படிச் செத்துச்சு? பாம்பு கடிச்சுதா?” பெரியவர் திரையின் மண்டையில் ஓர் அறை விட்டார். “நீ அதுல படம் பாக்குறேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கண்டதையும் பாத்தா ஏன் கெட்டுப் போகாது?”

“கொடி எப்படி வளையும்னு பாத்தேன் மாமா. வேலைக்குத்தான்.”

“என்னமோ ஒண்ணு பாத்தேல்ல? அப்புறம் என்ன?” அவர் குரல் ஏறியது. வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஏறியது. “சாயங்காலம் கான்ட்ராக்டர் லாரியோட வந்து நிப்பான். பாதித் தகடு வெட்டாமக் கிடக்கு. வரைஞ்சதை வேற எதுலயாவது வச்சிருக்கியா?”

“பென் டிரைவ்ல வச்சிருந்தேன்.”

“எங்க அது?”

“உங்க வேன்ல. பாட்டுக் கேக்கணும்னு வாங்கிட்டுப் போய், இருந்ததை எல்லாம் அழிச்சிட்டுப் பாட்டு ஏத்திட்டு வந்தீங்களே.”

பெரியவர் மீசையைத் தடவினார். “காலியா இருக்குன்னுல்ல நினைச்சேன்,” என்றார் ஒரு நொடி இறங்கி. உடனே, இறங்கியதற்கும் சேர்த்து ஏறினார். “இந்தா பாரு, லாரி வர்றதுக்குள்ள இது ஓடலைன்னா கேஸ் கட்டரை எடுத்துக் கையாலேயே வெட்டிக் கொடுத்துடுவேன். கொடியும் வேணாம், மண்ணும் வேணாம். இந்த மேசையைத் தூக்கி வித்துடறேன். உன் கிரைண்டர் ஆணியிலதான் தொங்குது. போய் எடுத்துக்கோ.”

“ஏங்க, நீங்களாவது சொல்லுங்க,” என்று அவள் புருஷனைப் பார்த்தாள். “நேத்து ஓடிட்டுத்தானே இருந்துச்சு?”

அவன் பஞ்சையே பார்த்துக்கொண்டு, “ஆமா… ஓடுச்சு… எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்,” என்று சொல்லிவிட்டு அண்ணனுக்கு முன்னால் வெளியேறினான். அவளுக்கு அது புதிதில்லை. அண்ணன் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள் அவன்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டாள். பட்டறையில் அவருக்குப் பேர் ‘நாளைக்கு’. பெற்றவர்கள் வைத்த பேர் யாருக்கும் தெரியாது.

“அக்கா, சொல்லுங்க. நாளைக்கு வர்றேன்.”

“நான் இன்னும் எதுக்குன்னே சொல்லல.”

“எதுவா இருந்தாலும் நாளைக்குத்தான்க்கா. இன்னைக்கு வெளியூர்ல மாட்டிக்கிட்டேன்.”

“நாளைக்கு நீங்க வரும்போது நான் இந்த நாற்காலில இருக்க மாட்டேன். போன்லயே சொல்லுங்க. விசிறி சுத்துது, லைட் எரியுது, திரை கறுப்பா இருக்கு.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் திரையின் வயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னார். செருகினாள். திரையை மட்டும் அணைத்துப் போடச் சொன்னார். ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி மிதந்து வந்து மறைந்தது.

“அப்ப திரை நல்லா இருக்கு. கோளாறு பெட்டிக்குள்ளதான். போட்டதும் பீப், பீப்னு சத்தம் வருதா பாருங்க.”

அவள் பெட்டியோடு காதை ஒட்டவைத்தாள். கிரைண்டர் அலறல்தான் கேட்டது. பெட்டியின் தகடே அந்த அலறலில் அதிர்ந்தது. “ஒண்ணும் கேக்கலை.”

“வருதா, வரலையா? அது தெரியணும்க்கா. அந்தச் சத்தத்தை வச்சுத்தான் என்ன போச்சுன்னு சொல்ல முடியும்.”

கதவைத் திறந்து, “கொஞ்சம் நிறுத்துங்க!” என்று கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடி மட்டும் திரும்பினான். அவன் வெல்டர், கறுப்புக் கண்ணாடியைச் சாப்பிடும்போதும் நெற்றியில் வைத்திருப்பதால் அந்தப் பேர். அவன் காதைத் தொட்டுக் கையை விரித்தான். அவள் கிரைண்டர்களுக்கு நடுவில் போய் நின்று, “கிரைண்டரை நிறுத்துங்க! பெட்டி சத்தம் போடுதான்னு கேக்கணும்!” என்றாள்.

“என்னது?” என்று பெரியவர் வந்துவிட்டார். “பெட்டி சத்தம் போடுதான்னு கேக்க என் பட்டறையை நிறுத்தணுமா? நேரம் போற போக்கு தெரியுமா உனக்கு? டேய், நீங்க தேய்ங்கடா!”

அவர்கள் தேய்த்தார்கள். பொறி பறந்து அவள் காலடியில் விழுந்தது. அவளுடைய பழைய கிரைண்டர் ஆணியில் தொங்கியது, வயரைச் சுருட்டிக்கொண்டு, அவள் வருவாள் என்று தெரிந்த மாதிரி. அதைப் பார்த்தாள். நேராகச் சுவரோரம் போனாள். பட்டறைக்கான பெரிய சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

அந்த மாதிரி ஓர் அமைதி அந்தக் கூரைக்குக் கீழே பகலில் வந்ததே இல்லை. கிரைண்டர்கள் முனகி முனகி நின்றன. கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் தனி லைன் என்பதால் அந்த விளக்கு எரிந்தது. திறந்த கதவு வழியாக, அறுந்து அறுந்து, நீளமாக ஒரு சத்தம் வந்தது. பீ…ப். பீ…ப்.

“அழுவுதுடா,” என்றான் கண்ணாடி. “பாவம், காலைலேருந்து அழுதிருக்கும் போல.”

“எவ்வளவு திமிரு இருந்தா…” என்று பெரியவர் ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம் பேசாம இருங்க மாமா!” என்றாள் அவள். அவர் வாயில் அப்படி யாரும் கதவடைத்ததில்லை. அவர் திகைத்துப் போய் நிற்கும்போதே அவள் போனைத் தூக்கிப் பிடித்து, “கேக்குதா?” என்றாள்.

“கேக்குதுக்கா. நீளமா, விட்டு விட்டு. ரேம்தான். உள்ள ஒரு நீளத் துண்டு நட்டுக்குத்தலா செருகியிருக்கும். அது சரியா உக்காரலைன்னா பெட்டி இப்படித்தான் கத்தும். உங்க படமெல்லாம் வேற இடத்துல இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. முதல்ல கரண்ட் வயரைப் பிடுங்குங்க.”

அவள் கைப்பிடியை மேலே தள்ளினாள். பட்டறை மறுபடி அலறத் தொடங்கியது. பெரியவரும்தான். அவள் காதில் வாங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வெளிச்சத்துக்குப் போனாள். கண்ணாடி ஸ்குரூ டிரைவரோடு கூடவே வந்தான்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. முன்பு ‘நாளைக்கு’ வந்து திறந்தபோது உள்ளே பஞ்சு மாதிரி தூசி அடைந்து கிடந்தது. இப்போது நக்கிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள். பரப்பெல்லாம் சுத்தம், சந்துகளில் மட்டும் கறுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. ரேம் துண்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாக நின்றது. அதைப் பிடுங்கினாள். செருகுகிற பள்ளத்தில் விரலை வைத்தாள். ஈரம். பிசுபிசுப்பு. மோந்து பார்த்தாள்.

அந்த நாற்றம் பட்டறையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கம்ப்ரஸர் டேங்க் தண்ணீர். எண்ணெயும் துருவும் கலந்த தண்ணீர்.

அந்தப் பட்டறையில் துடைப்பம் என்றாலே காற்றுக் குழாய்தான். மேசை, மெஷின், சுத்தியல், செருப்பு, தலைமயிர், எல்லாவற்றுக்கும் சாயங்காலம் காற்றடிப்பார்கள். கண்ணாடி சாப்பாட்டு டப்பாவுக்கே அடிப்பான். காற்று அழுந்தி அழுந்தி டேங்க்குக்குள் தண்ணீர் சேரும். தினமும் காலையில் டேங்க்கின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து அதை வெளியேற்றவேண்டும். வெளியேற்றாவிட்டால் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து பீய்ச்சும். பெயின்ட் அடித்த கதவுகள் இப்படி எத்தனையோ பாழாகி, பெரியவர் கத்தி, கடைசியில் அந்த வேலையை ஒரே ஆள் தலையில் கட்டினார்.

“யாரோ பெட்டிக்குக் காத்தடிச்சிருக்காங்கக்கா,” என்றான் கண்ணாடி. சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நேத்து கடைசியா பட்டறையைப் பூட்டினது யாரு?”

கண்ணாடிக்குத் திடீரென்று தன் கறுப்புக் கண்ணாடியில் அழுக்குத் தெரிந்தது. “நான்… இதைக் கொஞ்சம் கழுவிட்டு வந்துடறேனே.”

அவள் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில், வேலையே இல்லாத இடத்தில், அவள் புருஷன் வேலை இருப்பது போல நின்றிருந்தான்.

“பெட்டிக்குக் காத்தடிச்சீங்களா?”

அவன் அவள் கறுத்த விரலைப் பார்த்தான். “தூசியா இருந்துச்சு… நீ அதுக்கு முன்னாடி உக்காந்து தும்மிக்கிட்டே இருக்கே… மூடியைக் கழட்டி லேசாத்தான்…”

“டேங்க்ல தண்ணியைத் திறந்துவிட்டீங்களா?”

அவன் டேங்க்கின் அடியைப் பார்த்தான்.

“சரி, காத்தடிச்சதை விடுங்க. தெரியாம நடந்துடுச்சு. காலைல மாமா என்னைப் பிடிச்சு வாங்கும்போது பக்கத்துலயே நின்னு கையைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்களே, அது தெரியாமயா?”

“அண்ணன் கோவமா இருந்தாரு…”

“என்னைக்குய்யா உன் அண்ணன் கோவமா இல்ல?” ஒருமையில் இறங்கியது அவளுக்கே தெரியவில்லை. “நான் படம் பாத்துக் கெடுத்தேன்னு ஊருக்கே கேக்கக் கத்துறாரு. கிரைண்டரை எடுன்னு சொல்றாரு. நீ வாயில பஞ்சை வச்சிக்கிட்டு நிக்கிறே. இங்க பாரு, இந்த விரலைப் பாரு. இதைக் கொடுத்துத்தான் உன் அண்ணன்கிட்ட நீ நல்ல பேரு வாங்கணுமா?”

“சொல்றேன். நானே சொல்றேன். வேலையெல்லாம் முடியட்டும், நாளைக்கு…”

“பட்டறைக்கு ஒரு ‘நாளைக்கு’ போதும்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மீதி வேலையைப் போனில் ‘நாளைக்கு’ சொல்லச் சொல்லச் செய்தாள். ரேம் துண்டின் செப்புப் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் பளிச்சென்று தேய்த்தாள். பள்ளத்தில் இருந்த கறுப்பைப் புது பெயின்ட் பிரஷ்ஷால் வழித்து வழித்து எடுத்தாள். ஈரம் போகவேண்டுமே என்றபோது, “வெல்டிங் ராடு காயவைக்கிற அடுப்புல வைக்கலாமாக்கா?” என்றான் கண்ணாடி.

“உன் தலையை வைக்கிறேன் அதுல.”

வெயிலிலேயே காயவிட்டாள். காய்கிற நேரம் முழுதும் பக்கத்திலேயே நின்றாள். காற்றுக் குழாயோடு யாராவது அந்தப் பக்கம் வந்திருந்தால் அன்றைக்குக் கொலை விழுந்திருக்கும். பெரியவர் அதற்குள் கேஸ் கட்டரை எடுத்து வந்து, அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்.

நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே கொண்டுபோய், துண்டை நேராக நிறுத்தி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். விரல் மரத்திருந்தால் தெரிந்திருக்காது. இரண்டு பக்கமும் கொக்கி ‘டக்’கென்று கவ்வியது விரலுக்குத் தெரிந்தது. வயரைச் செருகினாள். பட்டனை அமுக்கினாள்.

விசிறி. விளக்கு. அப்புறம், கிரைண்டர் சத்தத்தையும் மீறி, காதை ஒட்டவைத்திருந்த அவளுக்கு மட்டும், குட்டியாக ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது. அவள் கொடி இருந்தது. ஓர் இலை குறையாமல் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. தகட்டை ஏற்றச் சொன்னாள். மேசைமேல் நெருப்பு முனை சீறிக்கொண்டு வளைய ஆரம்பித்தது.

அந்தச் சீறலைக் கேட்டுத்தான் பெரியவர் வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “பாத்தியா? ஒரு சத்தம் போட்டதும் தானா ஓடுது,” என்றார் சுற்றி நின்றவர்களிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “இந்தா பாரு. இனிமே இந்த ரூம் சாவி என்கிட்ட இருக்கட்டும். வெட்டுற வேலை இருக்கும்போது திறந்துவிடறேன். மத்த நேரம் நீ வெளியே தேய்க்கிறதைப் பாரு. சும்மா இருந்தாத்தானே படம் பாக்கத் தோணுது?”

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். நிதானமாக, அவனுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்துப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

“அண்ணா… டீ சொல்லவா?”

அவள் அறையை விட்டு இறங்கி நேராகக் கம்ப்ரஸரிடம் போனாள். “இங்க வாங்க மாமா. கொஞ்சம் வாங்க.” அந்தக் குரலுக்கு அவர் வந்தார். எல்லாரும் வந்தார்கள். அவள் குனிந்து டேங்க்கின் அடியிலிருந்த குழாயைத் திறந்தாள். சீறிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. தரையில் பரவிப் பெரியவரின் புதுச் செருப்பை நனைத்தது. கொட்டிக்கொண்டே இருந்தது. நாள் கணக்கில் யாரும் தொடவில்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

“இதுதான் மாமா பெட்டிக்குள்ள போனது. படம் பாத்து வந்த தண்ணி இல்ல. இதைத் தினம் திறந்துவிட வேண்டியது யாரு, ராத்திரி கடைசியா காத்தடிச்சிட்டுப் பூட்டுறது யாருன்னு நீங்களே கேட்டுக்கோங்க.”

பெரியவர் தம்பியைப் பார்த்தார். “நீயாடா?”

“தூசியா இருந்துச்சுண்ணா…”

எல்லாரும் இடிக்குக் காத்திருந்தார்கள். பெரியவர் செருப்பை உதறினார். “சரி, விடு. தெரியாமத்தானே பண்ணே,” என்றார். பிறகு அவளிடம், “நல்லதுன்னு நினைச்சுப் பண்ணியிருக்கான்மா. இதைப் போய்ப் பெருசு பண்ணாதே.”

காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“நான் பண்ணேன்னு நினைச்சப்ப மேசையை விப்பேன்னீங்க. கிரைண்டரைப் பிடின்னீங்க. ஊரைக் கூட்டினீங்க. தம்பி பண்ணான்னதும் ‘சரி, விடு’வா? தப்பு ஒண்ணுதானே மாமா? ஆள் மாறினா அதுக்கு எடை குறைஞ்சுடுமா?”

“எதிர்த்துப் பேசாதே. சாவியை எடு.”

கதவிலேயே தொங்கிய சாவியைப் போய் எடுத்தாள். பொறிபடாமல் இருக்க மேலே போட்டிருந்த புருஷனின் பழைய சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினாள். ஒரே முயற்சியில் மாட்டினாள்.

“சாவி என்கிட்ட இருக்கும். வேணாம்னா இப்பவே நிறுத்திட்டுப் போறேன். அந்தக் கேஸ் கட்டரை எடுத்து நீங்களே கொடி வெட்டுங்க. லாரிக்காரன் பாத்துட்டுப் போகட்டும்.”

பெரியவர் மேசையைப் பார்த்தார். பாதி வெட்டிய இலையின் கோட்டில் நெருப்பு முனை ஓடிக்கொண்டிருந்தது. “எனக்கு உள்ள வேலை இருந்தா என்ன பண்றதாம்?” என்றார். குரல் பழைய உயரத்துக்கு ஏறவில்லை.

“கதவைத் தட்டுங்க.” உள்ளங்கையை நீட்டினாள். “பென் டிரைவ்.”

“அதுல பாட்டு…”

“தெரியும்.”

அவர் வேனை நோக்கி நடந்தார். நடக்கும்போது செருப்பு ஒவ்வொரு அடிக்கும் ‘சளக், சளக்’ என்றது. கண்ணாடி கறுப்புக் கண்ணாடியை அவசரமாகக் கீழே இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். உள்ளே சிரிக்கிறான் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது.

அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தால் புருஷன் குந்தி உட்கார்ந்து அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தான். பஞ்சுக்கு அடங்குகிற தண்ணீர் இல்லை அது. அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு தகடு முடிந்தது. அடுத்ததை ஏற்றினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. பெரியவர் தட்டு இல்லை. அவர் தட்டினால் கதவு ஆடும். இது ஒற்றை விரலில், கேட்டும் கேட்காமலும். கேட்டது. அதற்குப் பிறகும் கேட்டது.

தட்டட்டும். அவள் அடுத்த கொடியை இழுத்துத் திரையில் வைத்தாள்.